எடைக்குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு: முதல் ஒன்றரை வருடத்துக்கான வழிகாட்டி

ஆபரேஷனுக்கு முன்பும் பின்பும் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: எத்தனை கிலோ குறையும்? பதில் ஓரளவு தெரிந்ததே. ஒன்று, ஒன்றரை வருடத்தில் ஸ்லீவ் (இரைப்பையை வெட்டி ஒடுக்கமான குழாயாக்குவது) செய்தவர்களுக்கு மொத்த எடையில் சராசரியாக 25 முதல் 30 சதவீதமும், பைபாஸ் (இரைப்பையின் பெரும்பகுதியைத் தாண்டிக் குடலோடு இணைப்பது) செய்தவர்களுக்கு 30 முதல் 35 சதவீதமும் குறைகிறது. 120 கிலோ இருந்தவர் 80-க்கும் 90-க்கும் இடையில் எங்கோ வந்து நிற்பார்.

யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. பசி எப்போது திரும்பி வரும்?

ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரக்கும் மேல்பகுதி அதோடு போய்விடுகிறது. பைபாஸில் இரைப்பையின் மேல்முனையில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையை மட்டும் பிரித்து, நேராகச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள். சாப்பாடு குடலுக்குச் சீக்கிரம் போவதால் வயிறு நிறைந்ததைச் சொல்லும் ஹார்மோன்கள் கூடுகின்றன. இரண்டிலும் முதல் சில மாதங்கள் பசி என்பதே மறந்துபோகும். அந்த மாதங்களில் எடை இறங்குவது பெரும்பாலும் ஆபரேஷனின் வேலை, நீங்கள் தனியாகப் போராட வேண்டியதில்லை. பலருக்கு ஒரு வருடத்தை ஒட்டிப் பசி மெல்லத் தலைகாட்டும். அதற்குள் எதை, எவ்வளவு, எப்படிச் சாப்பிடுவது என்பது கைப்பழக்கமாகியிருக்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அந்த நாளுக்கான தயாரிப்பு. உங்கள் சர்ஜன் கொடுத்த தாளில் வேறு மாதிரி இருந்தால் அந்தத் தாளையே பின்பற்றுங்கள். ஒருவருக்குச் செய்த ஆபரேஷன் இன்னொருவருக்குச் செய்தது போல இருக்காது.

முதல் இரண்டு வாரம்: குடிப்பதுதான் முழுநேர வேலை

ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் திரவம் உள்ளே போக வேண்டும். சாதாரண மனிதருக்கு இது பெரிய விஷயமில்லை. வீங்கிய, தையல் போட்ட, விரல் பருமனுக்குச் சுருங்கிய இரைப்பைக்குள் மடமடவென்று எதுவும் இறங்காது. ஆபரேஷன் முடிந்தவர்கள் மறுபடி ஆஸ்பத்திரிக்கு வர நேரும் முக்கியக் காரணங்களில் உடலில் நீர் வற்றிப்போவதும் ஒன்று.

செய்ய வேண்டியது இது. மருந்து ஊற்றிக் குடிக்கும் 30 மில்லி மூடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு மூடி, வாய் வாயாக. விழித்திருக்கும் நேரம் முழுக்க இதுதான். ஃபோனில் அலாரம் வைப்பது கேலிக்கூத்தாகத் தெரியலாம், ஆனால் பசியும் தாகமும் இல்லாத உடம்பு தானாக நினைவுபடுத்தாது. சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனாலோ, எழுந்து நின்றால் தலை சுற்றினாலோ நீர் போதவில்லை என்று பொருள். சோடா வகைகள் வேண்டாம்.

மணிக்கு ஒருமுறை எழுந்து வீட்டுக்குள்ளேயே நடங்கள். கொழுப்புக் கரைக்க இல்லை, காலில் ரத்தம் உறையாமல் இருக்க. ரத்தம் உறையாமலிருக்க ஊசி எழுதிக் கொடுத்திருந்தால் ஒரு நாள்கூட விடக்கூடாது.

முதல் நாட்களில் தோள்பட்டையில் ஒரு வலி வரும். வயிற்றுக்குள் நிரப்பிய வாயுவால் வருவது, நடந்தால் தானாகக் குறையும். ஆனால் ஓய்வாக இருக்கும்போதும் நாடித்துடிப்பு 120-க்கு மேல் நிற்பது, 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும் காய்ச்சல், நேரம் ஆக ஆகக் கூடும் வயிற்று வலி, மூச்சு வாங்குவது, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, ஒரு வாய் தண்ணீர்கூடத் தங்காமல் வெளியே வருவது: இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தையல் கசிவு, ரத்தக்கட்டி இரண்டுக்கும் நேரம்தான் எதிரி. நடு ராத்திரியில் ஃபோன் செய்து தொந்தரவு கொடுக்கிறோமே என்று கூச்சப்பட்டவர்கள்தான் சிக்கலில் மாட்டியிருக்கிறார்கள்.

பழைய மாத்திரைகளை அப்படியே தொடராதீர்கள்

சுகர் உள்ளவர்களுக்கு ஆபரேஷன் முடிந்த சில நாட்களிலேயே, எடை குறையத் தொடங்கும் முன்பே, அளவு இறங்கிவிடும். பழைய அளவில் இன்சுலினோ கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையோ போட்டால் சுகர் அபாயமான அளவுக்குத் தாழ்ந்துபோகும். பிபி மாத்திரையிலும், குறிப்பாகச் சிறுநீரைக் கூட்டும் வகையிலும் இதே கதை. வீட்டிலேயே சுகரும் பிபியும் பார்த்துத் தேதி போட்டு எழுதி, அந்த நோட்டோடு டாக்டரிடம் போங்கள். அளவைக் குறைப்பது அவர் கையில்.

வலி மாத்திரை விஷயத்தில் ஒரு கண்டிப்பு உண்டு. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சன் வகைகள் பைபாஸ் செய்தவர்களுக்கு ஆயுளுக்கும் ஆகாது. குடல் இணைத்த இடத்தில் புண் வரும். ஸ்லீவ் செய்தவர்களும் சர்ஜனைக் கேட்காமல் தொடக்கூடாது. பல் வலிக்குப் போகும் இடத்தில் இதை யாரும் கேட்க மாட்டார்கள், நீங்கள்தான் முந்திக்கொண்டு சொல்ல வேண்டும். சிகரெட்டும் அதே இடத்தில் அதே புண்ணைக் கொண்டுவரும். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகள் பைபாஸுக்குப் பிறகு முழுதாக உடம்பில் சேராமல் போகலாம் என்பதால், ஒவ்வொரு மாத்திரையையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் வாய்ச் சாப்பாடு

பொதுவான படிகள் இவை: ஓரிரு நாள் தெளிந்த நீர், இரண்டு வாரம் வரை பால், மோர், புரோட்டீன் கலந்த பானம் போன்ற திரவங்கள், அடுத்த இரண்டு வாரம் கூழாக மசித்தது, அதன் பிறகு மிருதுவானது, ஆறிலிருந்து எட்டு வாரத்தில் எல்லாரும் சாப்பிடும் சாப்பாடு. ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் வலிக்கும். வலிக்காவிட்டாலும் தையலுக்கு நல்லதில்லை.

கூழ்க் கட்டத்தில் ஒரு வேளைச் சாப்பாடு எப்படி இருக்கும் என்று பாருங்கள். மசித்த முட்டை இரண்டு மேசைக்கரண்டி, ஒரு சின்னக் கிண்ணத்தில். குழந்தைக்கு ஊட்டும் சிறு கரண்டியின் நுனியில் பட்டாணி அளவு எடுத்து வாயில் வைக்கிறீர்கள். மென்று, விழுங்கி, கரண்டியைக் கீழே வைத்துவிடுகிறீர்கள். ஒரு நிமிடம் சும்மா உட்கார வேண்டும். அடுத்த வாய். ஐந்தாறு வாய் ஆனதும் ஒரு விக்கல், அல்லது காரணமே இல்லாமல் மூக்கு ஒழுகுவது, அல்லது ஒரு பெருமூச்சு. ஆளுக்கு ஆள் இது மாறும். அதுதான் உங்கள் வயிற்றின் 'போதும்'. பழைய நாட்களில் வயிறு கனத்து, பெல்ட்டைத் தளர்த்தும்போது தெரிந்த 'போதும்' இனி வராது. அதைத் தாண்டி ஒரு வாய் வைத்தால் நெஞ்சுக்கு நடுவில் கல் வைத்தது போல அடைக்கும், வாயில் எச்சில் நுரையாகப் பொங்கும், கடைசியில் வெளியே வந்தால்தான் நிம்மதி. உங்கள் சமிக்ஞை எது என்று கண்டுபிடிப்பதுதான் இந்த வாரங்களில் கற்க வேண்டிய பாடமே.

சில விதிகள், விலக்கில்லாதவை. புரோட்டீன் முதலில், காய்கறி அடுத்து, மாவுச்சத்து இடமிருந்தால். ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரோட்டீன். முட்டை, மீன், கோழி, தயிர், பருப்பு, இவற்றால் எட்டவில்லை என்றால் பவுடர். ஒரு வேளைக்கு இருபது, முப்பது நிமிடம். சாப்பிடும்போது தண்ணீர் கிடையாது, சாப்பிட்டு அரை மணி நேரம் வரையும் கிடையாது. இந்தக் கடைசி விதியைத்தான் எல்லாரும் முதலில் கைவிடுகிறார்கள். தண்ணீரோடு சேர்ந்தால் சாப்பாடு வேகமாக வழுக்கி இறங்கிவிடும், வயிறு நிறைந்த உணர்வே வராது, கூடுதலாகச் சாப்பிட இடம் கிடைக்கும். பிற்காலத்தில் எடை ஏறுவதற்கு இது திறந்துவைக்கும் கதவு.

மூன்றாவது வாரம் எடை நின்றுவிட்டதா?

நிற்கும். கிட்டத்தட்ட எல்லாருக்கும் மூன்றாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரத்துக்குள் மெஷின் முள் ஒரே இடத்தில் அடம்பிடிக்கும். 'என் ஆபரேஷன் ஃபெயில்' என்ற பதற்றம் அப்போதுதான் வரும். நடப்பது என்னவென்றால், முதல் நாட்களில் உடம்பு தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைத்த கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பைச் செலவழிக்கிறது. ஒரு கிராம் கிளைகோஜனோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரும் கட்டுண்டு இருக்கிறது. ஆரம்பத்தில் மளமளவென்று இறங்கியதில் ஒரு பங்கு இந்தத் தண்ணீர். உடம்பு சுதாரித்துக்கொண்டு கொஞ்சம் நீரைத் திரும்பப் பிடித்துவைக்கும்போது, கொழுப்பு கரைந்துகொண்டே இருந்தாலும் எடை அசையாது. ஒன்றிரண்டு வாரத்தில் தானே நகரும்.

வாரம் ஒருநாள், ஒரே கிழமை, காலையில் எடை பாருங்கள், போதும். அதைவிட உபயோகமானது டேப். இடுப்பு, தொடை, கழுத்து, மேல்கை நான்கையும் மாதம் ஒருமுறை அளந்து எழுதுங்கள்.

மூன்றிலிருந்து ஆறு மாதம்

முடி கொட்டும். தலை சீவும்போது கொத்தாகக் கையோடு வரும். உடம்பு பெரிய அதிர்ச்சியைச் சந்தித்து இரண்டு மூன்று மாதம் கழித்து நடப்பது, பிரசவத்துக்குப் பின் கொட்டுவது போலவே. வேர் போவதில்லை, அடுத்த சில மாதங்களில் திரும்ப முளைக்கும். விலையுயர்ந்த எண்ணெயெல்லாம் வாங்க வேண்டாம். புரோட்டீன் கணக்கு சரியாக இருக்கிறதா, இரும்புச்சத்தும் ஜிங்க்கும் எப்படி என்று பாருங்கள். ஆறேழு மாதத்துக்குப் பிறகும் நிற்காமல் கொட்டினால் சத்துக் குறைபாடு என்று சந்தேகிக்க வேண்டும்.

எடை வேகமாக இறங்கும்போது பித்தப்பையில் கல் சேர்வது சகஜம். அதைத் தடுக்க அர்சோடியாக்சிகோலிக் அமில மாத்திரையை ஆறு மாதம் எழுதித் தரும் டாக்டர்கள் உண்டு. வலது விலாவுக்குக் கீழே, சாப்பிட்ட பிறகு பிடித்து இழுக்கும் வலி வந்தால் ஸ்கேன்.

பைபாஸ் செய்தவர்கள் டம்பிங் என்ற பெயரை இந்தக் கட்டத்தில் பழகியிருப்பார்கள். இனிப்போ சர்க்கரை போட்ட பானமோ உள்ளே போன பத்து முப்பது நிமிடத்தில் படபடப்பு, வியர்வை, வயிற்றைப் பிசைவது, பேதி. கொஞ்சம் படுத்தால் போகும். இன்னொரு வகை தாமதமாக, ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து வரும்: சுகர் சட்டென்று தாழ்ந்து கை நடுங்கும், கண் இருளும். இது ஆபரேஷன் ஆகி ஒரு வருடத்துக்குப் பிறகும் புதிதாகத் தொடங்கலாம். வண்டி ஓட்டும்போது வந்தால் என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள், அதனால் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

வாந்தி விஷயத்தில் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவசரமாகச் சாப்பிட்டு எப்போதாவது ஒருமுறை வருவது வேறு. நாள் தவறாமல், வாரக் கணக்கில் வாந்தி தொடர்ந்தால் அது பாதை சுருங்கியதாக இருக்கலாம்; எண்டோஸ்கோப்பி வழியே பலூன் வைத்து விரிக்க முடியும். அதைவிட முக்கியம் தயமின், அதாவது பி1. உடம்பில் அதன் சேமிப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான். அது தீர்ந்தால் நடை தள்ளாடும், பார்வை இரட்டையாகும், நினைவு குழம்பும், சிகிச்சை தாமதமானால் மூளைப் பாதிப்பு நிரந்தரமாகிவிடும். அவசரப் பிரிவில் உங்களைத் தெரியாத டாக்டர் இருந்தால் கூட வந்தவர் சொல்ல வேண்டிய வரி இது: 'எடைக்குறைப்பு ஆபரேஷன் ஆனவர், வாரக்கணக்காக வாந்தி, குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் கொடுங்கள்.'

மாத்திரை ஆயுளுக்கு

என் கருத்தில் இந்த ஆபரேஷன் ஆனவர்கள் பெரிதாகச் சறுக்குவது சாப்பாட்டில் இல்லை, சத்து மாத்திரையில். ஒரு வருடம் ஆகி, உடம்பு லேசாகி, பழைய சட்டையெல்லாம் தானம் கொடுத்தாயிற்று. நன்றாகத்தானே இருக்கிறோம், எதற்கு இத்தனை மாத்திரை என்று தோன்றும். பி12 சேமிப்பு காலியாக ஒன்றிரண்டு வருடமோ அதற்கு மேலோ ஆகும் என்பதால், நிறுத்திய உடனே ஒன்றும் ஆகாது. ஆகும்போது கால் மரத்துப்போகும், சில சமயம் அந்த நரம்புச் சேதம் திரும்புவதில்லை.

காரணம் எளிது. பி12 உடம்பில் சேர இரைப்பையில் சுரக்கும் அமிலமும் ஒரு புரதமும் வேண்டும். இரும்பும் கால்சியமும் அதிகமாக உறிஞ்சப்படும் முன்சிறுகுடலைப் பைபாஸில் சாப்பாடு தொடுவதே இல்லை. எவ்வளவு சத்தாகச் சாப்பிட்டாலும் இந்த இடைவெளியைச் சாப்பாட்டால் நிரப்ப முடியாது.

வழக்கமாகச் சொல்லப்படும் தினசரி அளவுகள்: தாது உப்புகள் சேர்ந்த மல்டிவைட்டமின், பி12 350 முதல் 1000 மைக்ரோகிராம், அல்லது மாதம் ஒருமுறை 1000 மைக்ரோகிராம் ஊசி, கால்சியம் 1200 முதல் 1500 மில்லிகிராம், வைட்டமின் டி3 3000 யூனிட், மாதவிடாய் வரும் பெண்களுக்கும் பைபாஸ் ஆனவர்களுக்கும் இரும்பு 45 முதல் 60 மில்லிகிராம். உங்கள் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டர் கூட்டிக் குறைப்பார்.

சேர்க்கும் விதத்தில்தான் சூட்சுமம். கால்சியத்தை ஒரே வேளையில் விழுங்கினால் உடம்பு ஏற்காது, 500, 600 மில்லிகிராமாகப் பிரிக்க வேண்டும். சிட்ரேட் வகையாகக் கேட்டு வாங்குங்கள். கார்பனேட் கரைய அமிலம் தேவை, உங்களிடம் அது குறைவு. கால்சியமும் இரும்பும் ஒன்றையொன்று தடுக்கும் என்பதால் இரண்டுக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் விடுங்கள். காபி, டீயோடு இரும்பு மாத்திரை வீண். ஒரு நடைமுறை ஏற்பாடு: காலையில் மல்டிவைட்டமினும் பி12-ம், மதியமும் மாலையும் கால்சியம், படுக்கும் முன் இரும்பு. மென்று சாப்பிடும் மிட்டாய் வகை மல்டிவைட்டமின்களில் பெரும்பாலும் இரும்பே இருக்காது, லேபிளைப் படியுங்கள்.

ரத்தப் பரிசோதனை மூன்று, ஆறு, பன்னிரண்டாம் மாதம், அதன்பின் வருடாவருடம். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் போதாது. ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், வைட்டமின் டி, கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், அல்புமின் எல்லாம் வேண்டும்.

உடற்பயிற்சி

நடை முதல் நாளிலிருந்து. கனமான பொருளைத் தூக்குவது ஆறு வாரம் கழித்து. அதன்பின் வாரம் இரண்டு மூன்று முறை எடை தூக்கும் பயிற்சியோ ரப்பர் பட்டையோ அவசியம். இறங்கும் கிலோவில் ஒரு பங்கு தசையாகவும் இருக்கும், அந்தப் பங்கைச் சின்னதாக வைத்துக்கொள்ள வேறு வழியில்லை.

குடி, கர்ப்பம், கண்ணாடி

மது: பைபாஸுக்குப் பிறகு சில நிமிடங்களில் தலைக்கேறும், இறங்க நேரம் எடுக்கும். முதல் வருடம் தொடாமலிருப்பது நல்லது. அதைவிடக் கவலை தருவது இரண்டாவது வருடம் முதல் சிலருக்குக் குடி பழக்கமாகிவிடுவது. கவலைக்குச் சாப்பாட்டில் ஆறுதல் தேடியவர்களுக்கு அந்த வழி அடைபட்டதும் வேறு வழி தேடும் மனசு. இதை டாக்டரிடம் சொல்வதில் அவமானம் ஒன்றுமில்லை.

கர்ப்பத்தை 12 முதல் 18 மாதம் தள்ளிப்போடச் சொல்வார்கள். வருடக்கணக்கில் மாதவிடாய் ஒழுங்காக வராதவர்களுக்கு எடை குறைந்ததும் சட்டென்று சீராகும், எதிர்பாராமல் கருத்தரிப்பதும் அதனால்தான். பைபாஸ் ஆனவர்களுக்குக் கருத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யும் என்று நம்ப முடியாது, வேறு முறையைக் கேளுங்கள். பின்னாளில் கர்ப்பமானால், குளுக்கோஸ் நீரைக் குடிக்கவைத்துச் செய்யும் சுகர் பரிசோதனை டம்பிங்கைக் கிளப்பும் என்பதை மகப்பேறு டாக்டருக்கு நினைவுபடுத்துங்கள்.

மனசு உடம்பைவிட மெதுவாக வரும். மூன்று சைஸ் குறைந்த பிறகும் கடையில் கை பழைய சைஸுக்கே போகும். 'என்ன, இப்படி இளைச்சுட்டீங்க, உடம்பு சரியில்லையா?' என்று கேட்பவர்களும், 'ஆபரேஷன் பண்ணிக் குறைக்கிறது ஒரு குறைப்பா' என்பவர்களும் வருவார்கள். யாரிடம் என்ன சொல்வது என்று முன்பே ஒரு வரி தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் விவரத்தை எல்லாருக்கும் சொல்ல வேண்டிய கட்டாயம் கிடையாது, டாக்டர்களுக்கு மட்டும் தவறாமல் சொல்லுங்கள்.

ஒரு வருடத்துக்குப் பிறகு

இனி பசி வரும், சாப்பாட்டின் அளவும் கொஞ்சம் கூடும். பை விரிந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், இது எதிர்பார்த்ததே. கவனிக்க வேண்டியது கொறிப்பது. பிஸ்கட், சிப்ஸ், ஐஸ்கிரீம் இவையெல்லாம் வாயிலேயே கரைந்து தடையில்லாமல் இறங்குபவை. ஒரு வேளைக்குக் கோழித்துண்டு இரண்டு சாப்பிட்டதும் நிறைந்துவிடும் அதே வயிறு, மாலை முழுக்கச் சிப்ஸ் கேட்டாலும் மறுக்காது.

சிறிது எடை திரும்பும் என்பதும் கணக்கில் உள்ளதே. ஸ்வீடனில் 1987-ல் தொடங்கிய நீண்டகால ஆய்வில், ஆபரேஷன் ஆனவர்கள் இரண்டாம் வருடத்தில் தொடக்க எடையைவிடச் சராசரியாக 23 சதவீதம் குறைந்திருந்தார்கள். பத்தாம் வருடத்தில் அது 17 சதவீதமானது, அதன்பின் ஏறக்குறைய அங்கேயே நின்றது. மிகக் குறைந்த எடையிலிருந்து இரண்டு மூன்று கிலோ ஏறினால் தலையில் கை வைக்க வேண்டாம். ஐந்து கிலோவைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் வரிசையாகச் செய்யுங்கள்: ஒரு வாரம் வாயில் போட்ட எல்லாவற்றையும் எழுதுங்கள், சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கிறீர்களா என்று பாருங்கள், புரோட்டீனைக் கூட்டிப் பாருங்கள், ஒரு மாதத்தில் மாறவில்லை என்றால் டயட்டீஷியனிடமும் சர்ஜனிடமும் போங்கள். வெட்கப்பட்டு வருடாந்திரப் பரிசோதனைக்கே போகாமல் ஒதுங்குபவர்கள்தான் அதிகம்; எடையைக் குறைக்கும் ஊசி மருந்துகளை ஆபரேஷன் ஆனவர்களுக்கும் இப்போது டாக்டர்கள் கொடுக்கிறார்கள், போனால்தானே கிடைக்கும்.

பைபாஸ் ஆனவர்களுக்கு ஒன்று. மாதங்கள், ஏன் வருடங்கள் கழித்தும், சாப்பிட்டதும் வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கும் வலி விட்டு விட்டு வந்தால் குடல் உள்ளே ஓர் இடுக்கில் சிக்கியிருக்கலாம். கொழுப்புக் கரையக் கரைய விரியும் இடைவெளி அது. சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமல் போகும்; சி.டி. ஸ்கேனும், இந்த ஆபரேஷன் தெரிந்த சர்ஜனும் தேவை.

தொங்கும் தோலை எடுக்கும் ஆபரேஷனைப் பற்றி ஒரு வருடம் ஆனதுமே விசாரிக்கத் தோன்றும். எடை ஆறு மாதமாவது ஒரே இடத்தில் நின்ற பிறகு, பெரும்பாலும் ஒன்றரை வருடத்துக்கு மேல்தான் செய்வார்கள். புரோட்டீனும் இரும்பும் குறைவாக இருந்தால் காயம் ஆறாது என்பதால் அதற்கும் முன்னால் ரத்தப் பரிசோதனை கேட்பார்கள். அதுவரை மடிப்புகளை உலர வைத்து, புண்ணோ அரிப்போ வந்தால் ஃபோட்டோ எடுத்துத் தேதியோடு வைத்திருங்கள். காப்பீட்டில் கேட்கும்போது உதவும்.